என் நைட்டியைத் தேடி வந்த விருந்தாளி

முதலில் அது என் நைட்டியைத்தான் பூ என்று நினைத்தது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வாங்கி, பெட்டியின் அடியில் வைத்து நியூ ஜெர்சி வரைக்கும் கொண்டுவந்த நைட்டி. வெள்ளைத் துணியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்புச் செம்பருத்திகள். துவைத்துப் பின்பக்கத்து டெக்கின், அதாவது மரத் திண்ணையின், கைப்பிடியில் விரித்துப் போட்டிருந்தேன். துணியை வெளியே காயப்போடக் கூடாது என்று எங்கள் குடியிருப்பில் ஒரு விதி உண்டு. வெயில் சும்மா கொட்டிக் கிடக்கும்போது கரண்ட் செலவழித்து மெஷினுக்குள் துணியை உருட்டுவதை ஈரோட்டுக்காரி எப்படி ஒத்துக்கொள்வாள்? பின்பக்கம் புல்வெளியும் அதைத் தாண்டி மரங்களும்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற தைரியம். சமையலறை ஜன்னலருகே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் காதில் பெரிய வண்டு ஒன்று சுற்றுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், கட்டைவிரல் பருமனில் ஒரு பச்சைப் பறவை, செம்பருத்திக்கு எதிரே அந்தரத்தில் நின்றுகொண்டு நூல் போன்ற அலகால் துணியைக் குத்திப் பார்க்கிறது. ஒரு பூவில் ஒன்றுமில்லை என்றதும் பக்கத்துப் பூ. அதிலும் இல்லை என்றதும் அதற்கடுத்தது. நைட்டி முழுவதையும் ஒரு பூ விடாமல் சோதித்துவிட்டு, நேரே ஜன்னலுக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் முகத்துக்கு நேராக நின்று ஒரு பார்வை பார்த்தது. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிறாயே என்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி வந்ததும் சொன்னேன்.

"வண்டா இருக்கும்" என்றார், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"மூக்கு இருந்துச்சுங்க."

"கொசுவுக்குக்கூடத்தான் மூக்கு இருக்குது, அம்மிணி."

"என்னை நின்னு பாத்துட்டுப் போச்சுங்க!"

"பகல் பூரா தனியா இருக்கிறியல்ல, அப்படித்தான் தோணும்" என்றுவிட்டுத் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பகல் முழுக்கத் தனியாக இருக்கிறேன் என்பது உண்மை என்பதால் கோபம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

இதை ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரோட்டில் நான் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இங்கே நான் எச்-ஃபோர். கணவர் வேலை பார்க்கலாம், மனைவி கூட வந்து இருக்கலாம் என்பது அந்த விசாவின் சாரம். 'இருக்கலாம்' என்பதைத் தாண்டி ஒரு வேலையும் பார்க்கக் கூடாது. ஊரில் எங்கள் வீட்டு அழைப்புமணிக்கு ஓய்வே கிடையாது. டியூஷன் பிள்ளைகள், கருவேப்பிலை கேட்டு வரும் பக்கத்து வீட்டு அக்கா, 'டீச்சர் இருக்காங்களா' என்று மதிப்பெண் விசாரிக்க வரும் அப்பாக்கள். ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டேதான் போய்க் கதவைத் திறப்பேன். பிளெய்ன்ஸ்பரோ டவுன்ஹவுஸுக்கு வந்த பிறகு எங்கள் மணியை அடித்தவர்கள் பார்சல்காரரும், ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வந்த கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு பையன்களும்தான். அந்தப் பையன்களை உட்காரவைத்து டிகிரி காபி போட்டுக் கொடுத்தேன். தொடவே இல்லை, அப்புறம் வரவும் இல்லை. தமிழ்க் குடும்பங்களோ, 'வர்ற மாசம் மூணாவது சனிக்கிழமை நீங்க ஃப்ரீயா?' என்று ஃபோனில் முன்பதிவு செய்துகொண்டு, கையில் ஒரு குழம்பையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது விருந்தும் இல்லை, திடீரென்று வருவதும் இல்லை.

அதனால் எனக்குள் ஓர் ஆசை வேர்பிடித்திருந்தது. இந்த நாட்டில் யாராவது ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வரவேண்டும். வீட்டுக்காரரின் மனைவியை இல்லை, மகள் பவியின் அம்மாவை இல்லை, என்னை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்க வேண்டும். அப்படி வந்தது ஒரு பறவை, அதுவும் நைட்டியைப் பார்க்க என்பது கொஞ்சம் அவமானம்தான். ஆனாலும் வந்ததல்லவா? அதை மறுபடியும் வரவைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். இது நடந்தது 1999 மே மாதம்.

பக்கத்து வீட்டு லிண்டாவைக் கேட்டேன். லிண்டா வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட். என் வயதுதான் இருக்கும், தனியாக இருக்கிறாள். இரண்டு டெக்குகளுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. அந்த வேலி இல்லாவிட்டாலும் அவள் குரல் எங்கள் சமையலறை வரை தாராளமாக வரும். நான் கைகளை விசிறிக் காட்டி, மூக்கை நீட்டிக் காட்டியதும், "ஓ, ஹம்மிங்பேர்ட்!" என்று கூவினாள். நம்மூர்த் தேன்சிட்டின் உறவுக்காரப் பறவை என்று நினைத்துவிடாதீர்கள். தேன்சிட்டு கிளையில் உட்கார்ந்து மரியாதையாகச் சாப்பிடும். இது பஃபே விருந்தில் சாப்பிடுவது போல நின்றுகொண்டே சாப்பிடும். தரையில்கூட நிற்காது, காற்றில் நிற்கும். சிறகடிப்பு கண்ணுக்குத் தெரியாது, ரீங்காரம் மட்டும் கேட்கும். லிண்டாவின் டெக்கில் இரும்புக் கொக்கியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குப்பி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் சர்க்கரைத் தண்ணீர். அதைச் சுற்றி என் விருந்தாளியும் அதன் சுற்றமும் குழந்தை குட்டிகளோடு பறந்துகொண்டிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் கல்யாண வீடு, இந்தப் பக்கம் நான் என்றால் எப்படி இருக்கும்?

"ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். வேறு ஒன்றும் வேண்டாம். சிவப்பைப் பார்த்தால் வரும்" என்றாள் லிண்டா.

அந்த வார இறுதியிலேயே வீட்டுக்காரரைக் காரை எடுக்கச் சொல்லி ஒரு குப்பி வாங்கிவந்து கொக்கி மாட்டினேன். ஒரு கப் சர்க்கரையை நாலு கப் தண்ணீரில் கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பாயசத்தைப் பந்தியில் வைத்தால் சம்பந்தி வீட்டார் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். லிண்டா வீட்டில் காபிக்கு நாலைந்து குட்டிப் பிஸ்கட்டுகளை எண்ணி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவள் கை அப்படி, என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கப் சர்க்கரை போட்டேன். போட்ட பிறகு, வெறும் சர்க்கரையா கொடுப்பது என்று இருந்தது. இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டேன். சிவப்பைப் பார்த்தால் வரும் என்றாளே, அதற்கு என்ன செய்வது என்று அலமாரியைத் திறந்தால் கேசரி பவுடர் கண்ணில் பட்டது. பத்து வருடம் பிள்ளைகளுக்குக் கரைசலும் செறிவும் பாடம் நடத்தி, அளவு ஒரு துளி தவறினால் மதிப்பெண் குறைத்தவள் நான். அடுத்தவருக்குச் சாப்பாடு போடுவது என்று வந்தால் அந்த டீச்சர் எங்கே போவாளோ தெரியவில்லை. குப்பி நிறைய கமகமவென்று ஆரஞ்சுச் சிவப்பில் பாகு தொங்கியது. எனக்கே ஒரு வாய் குடிக்கலாமா என்றிருந்தது.

முதலில் எறும்பு வந்தது. நியூ ஜெர்சி எறும்புகளுக்கு அப்படி ஒரு சாப்பாடு அதுவரை கிடைத்திருக்காது. சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு கம்பி வழியாக இறங்கின. அவற்றைத் துடைத்து முடிப்பதற்குள் மஞ்சள் குளவிகள் வந்தன. குப்பியைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டு, யாரையும் அண்ட விடவில்லை. என் விருந்தாளி ஒரே ஒரு முறை தூரத்தில் வந்து பார்த்துவிட்டு லிண்டா வீட்டுக்கே போய்விட்டது. சிவப்பு போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. ரவிக்கைத் துணி ஞாபகம் வந்தது. நம் வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வந்து வெற்றிலை பாக்கோடே அடுத்தவரிடம் போகுமே, யாரும் தைத்துப் போட்டதாக வரலாறே இல்லையே, அந்த ரவிக்கைத் துணிதான். என்னிடம் சிவப்பில் மட்டும் பதினைந்துக்குக் குறையாமல் இருந்தன. எல்லாவற்றையும் டெக் கைப்பிடி நெடுகத் தோரணம் போலக் கட்டினேன். காற்றில் அவை படபடத்தபோது பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. பவிக்கு அப்போது ஐந்து வயது; "அம்மா, இஸ் இட் சம்ஒன்ஸ் பர்த்டே?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை லிண்டா எலுமிச்சை கேக் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, நல்ல கவுன் போட்டுக்கொண்டு, முன்வாசலில் வந்து மணி அடித்தாள்.

"உங்கள் பண்டிகை என்று நேற்று பார்த்ததுமே புரிந்துகொண்டேன். ரொம்ப அழகாக இருக்கிறது. இது வசந்த காலத்துக்கான பண்டிகையா?"

என் ஆங்கிலம் வகுப்பறைக்குப் போதுமானது. ஆனால், இவை நாங்கள் ஒருநாளும் தைக்கப் போகாத ரவிக்கைத் துணிகள், ஒரு பறவையை ஏமாற்றிக் கூப்பிடுவதற்காகக் கட்டியிருக்கிறேன், அதுவும் உன் வீட்டிலிருந்து, என்பதை வாசலில் கேக்கோடு நிற்கிற ஒருத்தியிடம் எந்த இலக்கணத்தில் சொல்வது? "யெஸ்" என்றேன். "ஸ்பிரிங்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் முகமெல்லாம் மலர்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். டெக்கில் உட்கார்ந்து கேக் சாப்பிடும்போது குப்பியைப் பார்த்தவள், எழுந்து போய் ஒரு துளியை விரலில் தொட்டு நக்கினாள். கண்களை மூடித் திறந்தாள்.

"இது பறவைக்கா?"

"பறவைக்குத்தான்."

"எனக்கு ஒரு டம்ளர் கொடு" என்றாள். அடுப்பங்கரையில் மீதியிருந்ததை ஐஸ் போட்டுக் கொடுத்தேன், முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டுத்தான், பறவைக்கு நிறமும் வேண்டாம், வாசனையும் வேண்டாம், இவ்வளவு சர்க்கரையும் அதன் உடம்புக்கு ஆகாது என்று சொன்னாள். நான் குப்பியைக் கழுவி ஒன்றுக்கு நாலு போட்டு மாட்டினேன். அதற்குள் குளவிகள் அந்த மூலையைத் தங்கள் பெயருக்குப் பட்டா போட்டுவிட்டன. அந்தக் கோடை முழுக்க வேலிக்கு அந்தப் பக்கத்துப் பந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அந்தப் பக்கமும் காலியாகிவிட்டது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. வீட்டுக்காரரிடம் வெங்காயம் என்று சொன்னேன்.

பறவைகள் மெக்சிகோ போய்விட்டன என்று லிண்டா சொன்னாள். இவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு எப்படிப் போகும் என்று கேட்டேன். காட்டு வாத்துகள் தெற்கே போகும்போது அவற்றின் முதுகில் ஏறிக்கொண்டு போகும் என்று, வீடு விற்கும் அதே நம்பிக்கையோடு சொன்னாள். அவள் பாட்டனார் காலத்திலிருந்து சொல்லப்படும் கதையாம். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "டிக்கெட்டும் இல்லை, விசாவும் இல்லை. நாமதான் கான்சுலேட் வாசல்ல வெயில்ல நின்னோம்" என்றார். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துப் பார்த்தேன். வாத்தும் இல்லை, ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் தனியாகவே பறந்து, வழியில் ஒரு வளைகுடாவை இரவெல்லாம் நிற்காமல் கடந்து போகிறது. கூட்டமாகக்கூடப் போவதில்லை. துணைக்கு ஆளில்லாமல் கடல் தாண்டுகிற பிராணி என்று படித்ததும் அதன் மேல் எனக்கு மரியாதை பல மடங்கு கூடிவிட்டது. அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. தேன் குடித்தே உயிர்வாழும் சுத்த சைவம் என்று நான் நினைத்திருந்த அந்தப் பறவை கொசுவையும் குட்டிச் சிலந்தியையும் நாள் முழுக்கப் பிடித்துத் தின்கிறதாம். கோழிக் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்காத வீட்டுக்காரருக்கு அன்றுதான் பறவையின் மேல் முதன்முதலாகப் பாசம் வந்தது. "அட, நம்ம ஆளு!" என்றார்.

அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் நான் சர்க்கரைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அளவு பிசகாமல் மாட்டினேன். எறும்புக்கு வைத்தியம் நம் சமையலறையிலேயே இருக்கிறதே. தின்பண்டப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதையே தலைகீழாக யோசித்து, கொக்கிக் கம்பியில் ஒரு சின்ன மூடியைக் கோத்து அதில் தண்ணீர் ஊற்றினேன். லிண்டா அதைப் பார்த்து அதிசயப்பட்டாள். ஆனால் என்னை அதிசயப்படுத்தியது அவள்தான். மே மாதம் முதல் ஞாயிறு காலை கதவைத் திறந்து பார்த்தால் அவள் டெக் நெடுகச் சிவப்புத் துணிகள். அவளுக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் சிவப்பு. அதற்கும் அடுத்த வீட்டில் ஒரு சிவப்பு மேசைவிரிப்பு. "உன் பண்டிகையை நீ மட்டும் தனியாகக் கொண்டாடக் கூடாதே என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்" என்று வேலிக்கு மேலாகக் கத்தினாள். நான் ஓடிப்போய் ரவிக்கைத் துணிகளை எடுத்துவந்து கட்டினேன். பண்டிகைக்காரி வீடு மொட்டையாக இருக்கலாமா? பின்பக்கத்து மரங்களுக்கிடையே நடைப்பயிற்சிக்கு வந்த மதுரைக்காரப் பெண் ஒருத்தி அடுத்த வாரம் கோயிலில் என்னைத் தனியாக அழைத்து, "ஆன்ட்டி, அது என்ன விசேஷம்? உங்க ஈரோட்டுப் பக்கம் மட்டும் செய்றதா? நாங்களும் ஃபாலோ பண்ணலாமா?" என்று கேட்டாள். "செய்யுங்க, நல்லது" என்றேன். இனி பின்வாங்குவதற்கு வழியில்லை.

துணி கட்டிய அந்த ஞாயிறு மத்தியானமே பறவை வந்தது. கழுத்தில் மாதுளை முத்தை அரைத்துப் பூசியது போல ஒரு சிவப்பு. வெயிலில் திரும்பும்போது பற்றி எரிந்தது, நிழலுக்குள் போனதும் கறுத்தது. லிண்டா வீட்டுக் குப்பியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, என் குப்பிக்கு நேராக வந்து நின்று அலகை நுழைத்துக் குடித்தது. குடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து என்னைப் பார்த்தது. நான் கைகூப்பாத குறையாக, "வாங்க, வாங்க. நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"அம்மா, இட்ஸ் எ பேர்ட்" என்றாள் பவி. "வொய் ஆர் யூ ஸேயிங் 'வாங்க'?"

"கடல் தாண்டி வந்திருக்காங்க கண்ணு. வான்னு சொல்ல முடியுமா?"

வீட்டுக்காரர் அதற்குப் பண்ணாடி என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ள பெரிய விவசாயியைப் பண்ணாடி என்போம். பெயருக்கு ஏற்ற குணம்தான். தான் குடிக்கவும் குடிக்கும், வேறு ஒரு பறவை குப்பியை நெருங்கினால் மரக்கிளையிலிருந்து ஈட்டி மாதிரி பாய்ந்து விரட்டவும் விரட்டும். என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு என் விருந்தாளிகளையே துரத்தினால் எப்படி? அதன் கண்ணில் படாதபடி வீட்டின் மறுபக்கம் இன்னொரு குப்பி மாட்டினேன். அந்தக் கோடை முழுக்க அடுப்பில் சர்க்கரைத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. வெயில் ஏறினால் தண்ணீர் புளித்துவிடும், கழுவி மாற்ற வேண்டும் என்பதால் நயாகரா போகும் திட்டத்தையும், டெக்சாஸில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகும் திட்டத்தையும் தள்ளிப் போட்டேன். "மாடு கட்டியிருக்கிறவங்க ஊருக்குப் போக முடியாதுங்கிற மாதிரி ஆகிப்போச்சு நம்ம பொழப்பு" என்றார் வீட்டுக்காரர். அலுத்துக்கொண்டாலும், காலையில் ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்திலும் பின்கதவைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

2001 பிறந்தபோது வேறு காற்று அடித்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. மார்ச்சில் வீட்டுக்காரரையும் அனுப்பினார்கள். எச்-ஒன் என்கிற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் சம்பளம் மட்டுமா போகிறது, காலுக்கடியில் இருக்கிற தரையும் சேர்ந்து போகிறது. அவர் சாப்பிடாமல் இருந்தார். நான் சத்தம் போடாமல் சமைத்தேன். கடைசியில் கலிபோர்னியாவில், பே ஏரியாவில், ஒரு வேலை கிடைத்தது. ஏப்ரல் நடுவில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். பறவைகள் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"ரெண்டு வாரம் தள்ளிப் போட முடியாதுங்களா?"

"மேனேஜர்கிட்ட என்ன காரணம்னு சொல்றது, அம்மிணி? வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னா?"

"நானும் பவியும் மட்டும் இருந்து, பாத்துட்டு வர்றோங்க."

"வீட்டைக் காலி பண்ணித் தரோம்னு ஒத்துக்கிட்டாச்சு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் என்னால் சண்டை போடவும் முடியவில்லை. மூட்டை கட்டிய அந்த நாட்கள் முழுக்க என் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. மெக்சிகோவிலிருந்து கிளம்பி வழியில் வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, நாங்கள் அங்கே இல்லை என்று எப்படிச் சொல்லி அனுப்புவது?

வீட்டு உரிமையாளர் டெக்கை முன்பு இருந்தது போலவே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் கொக்கியைத் திருகிக் கழற்றி, துளையை மரத்தூள் பசையால் அடைத்துத் தேய்த்தும் விட்டார். இரண்டு குப்பிகளையும் ரவிக்கைத் துணிகளையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து வேலிக்கு மேலாக லிண்டாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"பண்டிகையன்று துணி கட்டுவது தவிர நான் வேறு என்ன செய்யவேண்டும்? எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடு. தப்பாகச் செய்துவிடக் கூடாது."

வாய் வரைக்கும் உண்மை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. "வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இனிப்பாக ஏதாவது கொடு. அவ்வளவுதான்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

கலிபோர்னியாவின் டப்ளினில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது மாடியில் ஓர் அபார்ட்மென்ட். பின்பக்கத் தோட்டம் கிடையாது. ஒரு பால்கனி, அதில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஜெரேனியத் தொட்டி. வந்த மூன்றாம் நாளே அந்தத் தொட்டிக்கு ஒரு ஹம்மிங்பேர்ட் வந்தது. நான் கூப்பிடவில்லை, ஒன்றும் கரைத்து வைக்கவும் இல்லை. நெற்றி முதல் கழுத்து வரை ரோஜாச் சிவப்பு, நியூ ஜெர்சிக்காரரைவிடக் கொஞ்சம் தடித்த உடம்பு. கீழ் வீட்டு ஆன்ட்டி, "இதுங்க எங்கயும் போகாதும்மா. குளிர்காலத்துலயும் இங்கயேதான் சுத்திட்டிருக்கும்" என்றார். வீட்டுக்காரர், "இவங்க க்ரீன் கார்டு" என்றார். வேலை போன பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது. நான் வேண்டிய அளவுக்கு மேலேயே சிரித்தேன். ஆனால் பால்கனிப் பறவைக்குக் குப்பி வாங்க எனக்குக் கை வரவில்லை. வருடம் முழுக்க இங்கேயே இருப்பவருக்கு என்ன அவசரம் என்று சொல்லிக்கொண்டேன். பவிதான் தினமும் நச்சரித்தாள்.

மே மாதத்தில் ஒரு காலை, பவியைப் பள்ளிக்கு எழுப்பும் நேரத்தில் ஃபோன் அடித்தது. லிண்டா. அங்கே பத்து மணி ஆகியிருக்கும். வழக்கமாக வாசல் வரை கேட்கும் குரலைத் தணித்து, யாரையோ எழுப்பிவிடாமல் பேசுகிறவள் மாதிரி பேசினாள்.

"வந்துவிட்டான். உன் ஆள்தான், எனக்கு நன்றாக அடையாளம் தெரிகிறது."

"குடித்தானா? என் குப்பியை மாட்டியிருக்கிறாயா?"

"எல்லாம் மாட்டியிருக்கிறேன், நிரம்பி இருக்கிறது. என் டெக்குக்கு வரவே இல்லை. உன் டெக்கில் நிற்கிறான்."

"அங்கே ஒன்றும் இல்லையே."

"ஒன்றும் இல்லை. புதிதாக யாரும் குடிவரவும் இல்லை. உன் கொக்கி இருந்த மூலையில், குப்பி தொங்கிய அதே உயரத்தில், காற்றில் நிற்கிறான். போகிறான், மறுபடி வருகிறான், அதே இடத்தில் நிற்கிறான். இப்போது உன் சமையலறை ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறான். உன்னைத்தான் தேடுகிறான்."

இந்த நாட்டில் என்னைத் தேடிக்கொண்டு ஒருவர் வரவேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன். வந்திருக்கிறார், கடல் தாண்டி, தனியாக, வழி தவறாமல், சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார். நான்தான் வீட்டில் இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை. பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியாக்காரர் ஜெரேனியத்தில் அலகை நுழைத்துக் காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் நிற்கிறானா?" என்று கேட்டேன்.

"நிற்கிறான்."

"அவன் போகும் வரைக்கும் ஃபோனை வைக்காதே, லிண்டா."

அவள் வைக்கவில்லை. மூவாயிரம் மைல் நீளத்துக்கு இரண்டு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பவி வந்து என் நைட்டியைப் பிடித்து இழுத்து, ஃபோனில் யார் என்று கேட்டாள். "நம்ம வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க கண்ணு, கொஞ்சம் இரு" என்றேன். அவள் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தாள்.